எலக்ட்ரீஷியனின் லைசென்ஸை மட்டும் பார்த்தால் போதாது

அமெரிக்காவில் வீடு வாங்கிய நம்மவர்கள் குழுக்களில் அடிக்கடி வரும் கேள்வி, "நல்ல எலக்ட்ரீஷியன் யாராவது தெரியுமா?" ஆளாளுக்கு ஒரு நம்பர் போடுவார்கள். "நல்ல மனுஷன், வேலை சுத்தமா இருக்கும், ரேட்டும் கம்மி" என்பார்கள். சிபாரிசு செய்பவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஆள் சுவருக்குள் என்ன செய்துவிட்டுப் போனார் என்பது அவர்களுக்கே தெரியாது. லைட் எரிகிறது, அவ்வளவுதான்.

வேலையைத் தெரிந்து சரிபார்க்கும் வெளியாள், சிட்டி அல்லது கவுண்டி அனுப்பும் இன்ஸ்பெக்டர் ஒருவர்தான். அவரைக் கூப்பிட்டார்களா, அவர் என்ன சொன்னார் என்பதெல்லாம் அவர்களுடைய பர்மிட் (வேலை தொடங்கும் முன் வாங்கும் அனுமதி) பதிவில் இருக்கும். பல ஊர்களில் அதை ஆன்லைனிலேயே பார்க்கலாம். ஆயிரக்கணக்கில் டாலர் கொடுக்கப்போகிறவர்கள் இதைப் பார்க்காமல் ஆளை முடிவு செய்வது எனக்குப் பெரிய வருத்தம்.

லைசென்ஸையும் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கலிஃபோர்னியாவில் எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டருக்கான சி-10 லைசென்ஸ், டெக்சஸில் டிடிஎல்ஆர் என்ற மாநிலத் துறை கொடுப்பது. இலினாய், பென்சில்வேனியா, நியூயார்க் மாநிலங்களில் எலக்ட்ரீஷியனுக்கு மாநில அளவில் லைசென்ஸே இல்லை, உள்ளூர் விதிதான். எப்படியிருந்தாலும் லைசென்ஸ் வைத்திருப்பவர் தகுதி பெற்றவர், அவ்வளவுதான். தன் வேலையை இன்னொருவர் வந்து சோதிக்க அவர் விடுகிறாரா என்பதை பர்மிட் பதிவில்தான் பார்க்க முடியும்.

எலக்ட்ரிக் கார் சார்ஜரையே எடுத்துக்கொள்ளுங்கள். 48 ஆம்ப் சார்ஜர் மணிக்கணக்கில் தொடர்ந்து ஓடும் லோடு. என்இசி (அமெரிக்காவின் தேசிய எலக்ட்ரிக்கல் கோடு) விதிப்படி அந்த 48-க்கு 125 சதவீதம் கணக்கிட்டு 60 ஆம்ப் சர்க்யூட் போட வேண்டும். வீடுகளில் வழக்கமாக இழுக்கும் ரோமெக்ஸ் கேபிளில் 6 கேஜ் காப்பர் 55 ஆம்ப் வரைதான் தாங்கும் என்பது விதி. அதையே போட்டுவிட்டாலும் முதல் நாளே கார் சார்ஜ் ஆகும், நமக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் ராத்திரி முழுக்க ஓடும் லோடுக்கு விதி கேட்கும் 60 ஆம்ப் அளவு அந்த கேபிளுக்கு இல்லை. இன்ஸ்பெக்டர் வந்தால் கேபிள் மேல் அச்சடித்திருப்பதைப் படித்தே "இதை மாற்று" என்பார். பர்மிட் எடுக்காவிட்டால் அதைச் சொல்ல ஆளில்லை.

பதிவை எப்படிப் படிப்பது? இன்ஸ்பெக்ஷனில் ஃபெயில் என்று இருந்தால் பயந்துவிடாதீர்கள். ஃபெயில் ஆகி, திருத்தி, பிறகு பாஸ் வாங்கியவரை நான் தைரியமாகக் கூப்பிடுவேன். பார்க்க வேண்டியது கடைசி நிலை. "ஃபைனல்ட்" அல்லது "க்ளோஸ்ட்" என்றிருந்தால் பொதுவாக வேலை முறையாக முடிந்தது என்று அர்த்தம். "எக்ஸ்பையர்ட்" என்று வரிசையாக வந்தால், பர்மிட் எடுத்துவிட்டு ஃபைனல் இன்ஸ்பெக்ஷனுக்குக் கூப்பிடாமலே போயிருக்கலாம். பல ஊர்களில் 180 நாள் வேலை நகராமல் இருந்தால் பர்மிட் காலாவதியாகும். அது அந்த வீட்டு முகவரியில்தான் தொங்கும். விற்கும்போது பதில் சொல்ல வேண்டியது வீட்டுக்காரர், கான்ட்ராக்டர் அல்ல.

நண்பர் ஒருவருக்காக இப்படி ஒரு எலக்ட்ரீஷியன் பெயரைப் பதிவில் தேடினேன். விளம்பரத்தில் வருஷக்கணக்காக பேனல் (வீட்டின் மெயின் பிரேக்கர் பெட்டி) மாற்றும் அனுபவம் என்று போட்டிருந்தார்கள். எங்கள் சிட்டி பதிவில் பேனல் வேலை ஒன்றுகூட இல்லை. கேட்டதற்கு, "பர்மிட்டை நீங்களே ஓனர் பேரில் எடுத்துக்குங்க, சீக்கிரம் முடியும்" என்று பதில் வந்தது. இப்படி யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ஓனர் பேரில் பர்மிட் எடுத்தால் வேலைக்கான பொறுப்பும் ஓனர் தலையில்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நல்லவர்களுக்கு அநியாயம் ஆகிவிடும். பழைய ஸ்விட்சை எடுத்துவிட்டுப் புதிது போடுவது போன்ற சின்ன ரிப்பேருக்குப் பல இடங்களில் பர்மிட் தேவையில்லை. அந்த வேலை மட்டும் செய்பவர் பேரில் பதிவு குறைவாகத்தான் இருக்கும். சிலர் பக்கத்து ஊர்களில் அதிகம் வேலை செய்திருப்பார்கள், அந்தப் பதிவு வேறு தளத்தில் இருக்கும். கம்பெனி பெயர் மாறியிருக்கலாம், அதனால் லைசென்ஸ் நம்பரை வைத்தும் தேடுங்கள். அப்படியும் ஒன்றும் கிடைக்காவிட்டால் அவரிடமே நேராக, "சமீபத்தில் முடித்த இதே மாதிரி வேலையின் பர்மிட் நம்பர் கொடுங்க" என்று கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்பவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆளை முடிவு செய்த பிறகு கான்ட்ராக்டில் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்: பர்மிட் அவர் பேரில்தான் எடுக்க வேண்டும், கடைசித் தவணை ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் பாஸ் ஆன பிறகுதான்.