ஓட்டுகிறவருக்கும் அது விடுமுறைதான்

நல்ல வெயில் காலத்தில் கடலோரமாக நாமே கார் ஓட்டிக்கொண்டு போகும் விடுமுறையைப் பற்றி நீண்ட நாளாக ஒன்று சொல்ல நினைத்திருந்தேன். அந்தப் பயணத்தில் கடலை மிகக் குறைவாகப் பார்ப்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர்தான். பின்சீட்டில் இருப்பவர்கள் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று வாங்குவார்கள். பக்கத்து சீட்டில் இருப்பவர் வீடியோ எடுப்பார். ஓட்டுகிறவர் கண்ணுக்கு எதிரே இருப்பது அடுத்த வளைவு, அதில் திரும்பிவரும் பஸ், அதை முந்தத் துடிக்கும் பைக். ராத்திரி அறைக்கு வந்தபின் மற்றவர்கள் எடுத்த படங்களில்தான் அவர் அன்றைய கடலைப் பார்க்கிறார். பல குடும்பங்களில் இந்த வேலை ஒருவர் தலையிலேயே விழுகிறது. அவரும் முகம் சுளிக்காமல் செய்துவிடுவதால் யாருக்கும் இது ஒரு விஷயமாகவே தோன்றுவதில்லை.

எனக்கு இது பெரிய விஷயம். கடலோரப் பயணத்துக்குத் திட்டம் போட உட்காரும்போது, ஓட்டப்போகிறவரை முன்னால் வைத்துத்தான் போட வேண்டும் என்பேன். அவருக்குச் சரியாக அமைந்துவிட்டால் மற்றவர்களுக்குத் தானாக அமைந்துவிடும்.

ஓட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். இரண்டு நொடி தலையைத் திருப்பினால் 33 மீட்டர் ரோட்டைப் பார்க்காமலேயே கடந்துவிட்டோம். மலைச்சரிவை வெட்டிப் போட்ட ரோட்டில் அந்த தூரத்துக்குள் ஒரு வளைவே வந்து முடிந்துவிடும். அதனால் எங்கள் காரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வண்டி ஓடும்போது ஓட்டுகிறவரிடம் "ஐயோ, அங்கே பாருங்க!" என்று யாரும் கத்தக் கூடாது. "அடுத்து ஒதுங்க இடம் வந்தா நிறுத்துங்க" என்று சொல்லலாம். குழந்தைகள்கூட இதை ஒரே நாளில் பழகிக்கொள்கிறார்கள்.

அப்புறம் திசை. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. விமான டிக்கெட் எந்த ஊருக்குக் கிடைக்கிறதோ அங்கிருந்து கிளம்பிவிடுகிறார்கள். வலப்பக்கம் ஓட்டும் நாடு என்றால் கடல் வலப்பக்கம் இருக்கும்படியும், இடப்பக்கம் ஓட்டும் நாடு என்றால் கடல் இடப்பக்கம் இருக்கும்படியும் போக வேண்டும். அப்போதுதான் நீங்கள் கடலை ஒட்டிய தடத்தில் இருப்பீர்கள். கடல் பக்கம் ஒதுங்கி நிறுத்த எதிர்வண்டிகளைக் குறுக்கே வெட்டிக் கடக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மேற்குக் கடலோரமாகப் போகும் ஹைவே 1-ஐ வடக்கிலிருந்து தெற்காக ஓட்டச் சொல்வது இதனால்தான். ஆஸ்திரேலியாவின் தென்கடற்கரையில் போகும் கிரேட் ஓஷன் ரோட்டில் டார்க்கீ என்ற ஊரில் தொடங்கி மேற்கே போனால் கடல் இடப்பக்கம் வரும். தீவைச் சுற்றுவதாக இருந்தால் கணக்கு இன்னும் எளிது: இடப்பக்கம் ஓட்டும் தீவில் கடிகாரம் சுற்றும் திசை, வலப்பக்கம் ஓட்டும் கோர்சிகா, சார்டினியா, கிரீட் போன்ற தீவுகளில் அதற்கு எதிர்த்திசை.

ஒன்றைக் கவனியுங்கள். எந்தப் பக்கம் ஓட்டும் நாடாக இருந்தாலும் ஓட்டுநர் இருக்கை ரோட்டின் நடுப்பக்கமாகத்தான் இருக்கும். கடலை ஒட்டிய தடத்தில் போனாலும் பள்ளத்துக்கு நேர் மேலே உட்கார்ந்திருப்பவர் பக்கத்து சீட்டுக்காரர். உயரத்தைக் கண்டால் பயப்படுகிறவரை அங்கே உட்கார வைக்காதீர்கள். அவர் ஒவ்வொரு வளைவிலும் மூச்சை இழுத்துப் பிடித்தால் ஓட்டுகிறவருக்கும் கை நடுங்கும்.

வெயில் என்றதும் எல்லோரும் தொப்பியையும் சன்ஸ்கிரீனையும் கடற்கரைக்கு என்று எடுத்து வைக்கிறார்கள். ஓட்டுகிறவருக்கு அது காருக்குள்ளேயே வேண்டும். முன்கண்ணாடி இரண்டு அடுக்குக் கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. புற ஊதாக் கதிர்களைப் பெருமளவு தடுத்துவிடும். பக்கக் கண்ணாடி பல கார்களில் அப்படி இல்லை. தோலின் ஆழம்வரை போகும் ஏ வகைக் கதிர் அதன் வழியே உள்ளே வரும். நாள் முழுக்க ஓட்டுகிறவரின் ஜன்னல் பக்கக் கை மட்டும் கறுத்துப் போவது அதனால்தான். தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளிக்கு போலரைஸ்டு கண்ணாடி போட்டால் கண்ணுக்குப் பெரிய நிம்மதி. சாதாரணக் கறுப்புக் கண்ணாடி எல்லாவற்றையும் ஒரே மாதிரி இருட்டாக்குமே தவிர அந்தக் கூசலைத் தனியாகப் பிரித்து எடுக்காது.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலோரத்தில் ராத்திரி நிறுத்திய காரின் முன்கண்ணாடியில் காலையில் விரலால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள், பிசுபிசுவென்று இருக்கும். கடல்காற்று கொண்டுவந்த உப்பும் பனியும் சேர்ந்த படலம் அது. அப்படியே வைப்பரைப் போட்டால் வெள்ளையாக ஒரு அரைவட்டம் இழுத்துவிடும். சூரியன் எதிரே வந்ததும் அந்த அரைவட்டம் முழுக்கப் பளீரென்று எரியும், ரோடே தெரியாது. ஒரு பாட்டில் நல்ல தண்ணீரை ஊற்றிப் பழைய துணியால் துடைத்துவிட்டுக் கிளம்பினால் போதும். கண்ணாடியின் உட்புறத்தையும் ஒருமுறை துடைத்துவிடுங்கள். இந்த வேலையை ஓட்டாதவர் செய்யட்டும்.

சூரியன் எதிரே வருவதையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். கிரேட் ஓஷன் ரோட்டில் மேற்கே போகிறவருக்கு மாலைச் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும். காலையில் கிளம்பினால் அதே சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்து பாறைகளுக்கு வெளிச்சம் போடும். எந்தக் கடற்கரையானாலும் மேற்கே போகும் பகுதியை மதியத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.

தூரத்தில்தான் எல்லோரும் பேராசைப்படுகிறார்கள். மேப் இரண்டரை மணி நேரம் என்று காட்டுகிறது, ஆகவே காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு பகுதிகளை ஒரே நாளில் திணிக்கிறார்கள். மேப் சொல்வது நிறுத்தாமல் ஓட்டும் நேரம். நிறுத்தாமல் ஓட்டுவதற்குக் கடலோர ரோடு எதற்கு, உள்நாட்டு நெடுஞ்சாலை போதுமே? ஹைவே 1-இல் பிக் சர் என்ற மலைக்கரைப் பகுதியில் கார்மலிலிருந்து சான் சிமியன்வரை சுமார் 145 கிலோமீட்டர்தான். அதற்கு ஒரு முழுப் பகலைக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. அங்கே மெக்வே அருவி கடற்கரை மணலில் வந்து விழும் அழகைக் காரில் போய்க்கொண்டே பார்க்க முடியாது. வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் நடக்க வேண்டும். கிரேட் ஓஷன் ரோட்டில் கடலுக்குள் நிற்கும் ட்வெல்வ் அப்போஸ்தல்ஸ் பாறைகளும் அப்படித்தான். வண்டியை விட்டுவிட்டு ரோட்டுக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை வழியே நடந்தால்தான் அந்தக் காட்சி. இறங்கி நடக்கிற அந்த நேரம்தான் ஓட்டுகிறவருக்குக் கிடைக்கும் கடல். அதை வெட்டித்தான் மற்ற இடங்களைச் சேர்க்கிறோம் என்பது எனக்கு மனசு ஒப்பாத விஷயம். வளைவு நிறைந்த கடலோர ரோட்டில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டும்படி திட்டம் போடாதீர்கள்.

கிரேட் ஓஷன் ரோடு ஏன் அவ்வளவு வளைகிறது என்றால், அது முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1919 முதல் 1932 வரை மண்வெட்டியும் கடப்பாரையுமாக வெட்டிய ரோடு. போரில் இறந்த தோழர்களின் நினைவாக எழுப்பியது. பாறை விட்ட இடத்தில்தான் ரோடு போகும். அதில் வேகம் பிடிக்க நினைப்பதில் அர்த்தமே இல்லை.

மெதுவாகப் போவது நம் உரிமை, சரி. ஆனால் பின்னால் வருகிறவர் அந்த ஊர்க்காரராக, வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். கலிபோர்னியாவில் முந்த வழியில்லாத இருவழிச் சாலையில் மெதுவாகப் போகும் வண்டிக்குப் பின்னால் ஐந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஐந்து சேரும்வரை காத்திருக்காமல் இரண்டு வந்ததுமே ஒதுங்கிவிடலாம். பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டே வரும் அழுத்தமும் போய்விடும், அந்த ஒரு நிமிடத்தில் கடலையும் பார்த்துக்கொள்ளலாம்.

சில கடற்கரைகளுக்குக் காரே வேண்டாம். இத்தாலியின் அமால்ஃபி கரை அப்படிப்பட்டது. ரோடு ஒடுங்கியது, எதிரே பஸ் வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்க வேண்டும், நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. சீசனில் சாலெர்னோ, அமால்ஃபி, பொசிட்டானோ இடையே படகுகள் ஓடுகின்றன. படகிலிருந்து பார்த்தால்தான் அந்த மலையும் ஊரும் ஒருசேரத் தெரியும், ஓட்டுகிறவருக்கும் சேர்த்து.

திட்டத்தில் ஒரு நாளாவது காலியாக விடுங்கள். மலைச்சரிவு ரோடுகள் மண்சரிவில் அடைபடும். 2017 மே மாதம் பிக் சரில் மட் கிரீக் என்ற இடத்தில் மலையே சரிந்து ஹைவே 1 மேல் விழுந்தது. மறுபடி திறக்க 2018 ஜூலை ஆகிவிட்டது. அப்படி அடைபட்டால் உள்நாட்டு வழியாகப் பல மணி நேரம் சுற்ற வேண்டும். அந்தச் சுற்றும் ஒருவர் தோளில்தான் விழும். முந்தின நாள் ராத்திரியே அந்தப் பகுதி சாலைத் துறையின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிட்டால் பாதித் தலைவலி குறையும்.

வாடகைக் கார் காகிதங்களில் முக்கியமானது இரண்டாவது ஓட்டுநர் பெயர். இன்னொருவருக்கு ஓட்டத் தெரியும் என்றால் அவர் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால் காப்பீடு கைகொடுக்காது. கூடுதல் கட்டணம் கேட்பார்கள். அந்தப் பயணத்திலேயே உருப்படியான செலவு அதுதான். வாடகைக் காரில் நாட்டு எல்லை தாண்டுவதாக இருந்தால் கார் கொடுத்தவரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். குரோஷியாவில் டுப்ரோவ்னிக்வரை கடலோரமாகப் போகிறவர்கள் நடுவே பக்கத்து நாடான போஸ்னியாவின் நியூம் என்ற ஊர் வழியாக நுழைந்து வெளியேற வேண்டியிருந்தது. போஸ்னியாவைத் தொடாமல் போக 2022 ஜூலையில் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்தபிறகு அந்தத் தொல்லை இல்லை. சர்வதேச ஓட்டுநர் அனுமதியைச் சொந்த நாட்டிலேயே வாங்கிக்கொண்டு போக வேண்டும். கூடவே அசல் உரிமமும் கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, இரவு முழுக்க விமானத்தில் தூங்காமல் வந்து இறங்கியவரிடம் அங்கேயே சாவியைக் கொடுத்துப் பழக்கமில்லாத பக்கத்தில் ஓட்டச் சொல்லாதீர்கள். முதல் ராத்திரி விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே தங்கித் தூங்கட்டும். வண்டியை மறுநாள் காலையில் எடுத்தால் அந்த ஒரு நாள் வாடகையும் மிச்சம்.