இரண்டு பேட்டரிகளுக்கு நடுவே வயரை இழுத்தவருக்கு

என் எம்35ஏ2 லாரியின் பேட்டரிப் பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தபோது வந்த கோபம் நான்கு நாட்களாகியும் தணியவில்லை. இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் தடித்த குறுக்கு வயரின் முனையில் ஒரு மெல்லிய சிவப்பு வயரைச் சுற்றி, மேலே இன்சுலேஷன் டேப் ஒட்டி வைத்திருந்தார்கள். அதற்கு லக்கும் (வயர் முனையை போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) இல்லை, ஃபியூஸும் இல்லை. இந்த ஒற்றை வயரைக் கண்டுபிடிக்காமல் இரண்டு ஆண்டுகளில் மூன்று பேட்டரிகளைக் கழித்துப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் செத்தது ஒரே பக்கத்துப் பேட்டரிதான் என்பதை யாரும் கவனிக்கவில்லை. விற்றவர் சொல்லவில்லை, பழுது பார்த்தவர் கேட்கவில்லை.

அமெரிக்க ராணுவம் 1950களிலிருந்து பல பத்தாண்டுகள் ஓட்டிய இரண்டரை டன் லாரிக் குடும்பத்தைச் சேர்ந்தது இது. வண்டி முழுவதும் 24 வோல்ட்டில் இயங்குகிறது; இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடர் இணைப்பில் போட்டு அந்த 24 வோல்ட்டைப் பெறுகிறார்கள். நான் இதில் பொருத்தியிருப்பது விஆர்சி-12 குடும்பத்தின் ஆர்டி-524 ரேடியோ. வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்கப் படை வண்டிகளில் இருந்த அதே கருவி இது. 30 முதல் 75.95 மெகாஹெர்ட்ஸ் வரை பேசக்கூடியது. அதற்குள் 50 முதல் 54 வரையிலான அமெச்சூர் (ஹாம்) அலைவரிசையும் அடங்குவதால், உரிமம் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள் இன்றும் இதைச் சட்டப்படி பயன்படுத்தலாம். அந்த ஆசைக்காகத்தான் இந்த லாரியையே வாங்கினேன்.

ரேடியோ கேட்கும், ஆனால் பேசாது. அதுதான் கோளாறு. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும், தொலைவில் பேசுபவரின் குரல் தெளிவாக வரும். மைக்கின் பொத்தானை அழுத்தியவுடன் விளக்கு மங்கி, உள்ளே ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) படபடவென்று அடித்து, எல்லாம் அடங்கிவிடும். விவரத்தைக் கேட்டவர்கள் அனைவரும் ஒரே குரலில் “பேட்டரி போய்விட்டது, மாற்றுங்கள்” என்றார்கள். மாற்றினேன். புதிய பேட்டரியுடன் சில வாரங்கள் தட்டுத்தடுமாறி ஓடியது. பிறகு மீண்டும் அதே படபடப்பு. பழுது பார்க்கும் இடத்தில் மல்டிமீட்டரை ரேடியோவின் மின் இணைப்பில் வைத்து, 25.1 வோல்ட் காட்டியதும் “வயரிங் நன்றாக இருக்கிறது, ரேடியோவில்தான் கோளாறு” என்று முடித்துவிட்டார்கள். மின்னோட்டம் ஓடாத வயரில் வோல்ட்டை அளந்து வயரிங்குக்கு நற்சான்று கொடுப்பது எந்த ஊர் வழக்கம்? ஒரே ஒரு இழை மட்டும் அறுபடாமல் மிஞ்சியிருக்கும் வயரும் சும்மா இருக்கும்போது முழு வோல்ட்டைத்தான் காட்டும். பாரம் ஏறும்போதுதான் அதன் வண்டவாளம் வெளிவரும். மின்சார வேலையில் முதல் வாரம் கற்றுக்கொள்ளும் பாடத்தைக் காசு வாங்கித் தொழில் செய்பவர்கள் மறப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கடைசியில் நானே உட்கார்ந்தேன். நண்பர் ஒருவரை மைக்கின் பொத்தானை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அது படபடக்கும் அந்தச் சில நொடிகளுக்குள் ஒவ்வொரு இடமாக அளந்தேன். பேட்டரி முனைகளில் 24.3 வோல்ட் இருந்தது. ரேடியோவின் இணைப்பில் 19.6 வோல்ட்தான் இருந்தது. இந்தக் கருவி 22 வோல்ட்டுக்குக் கீழே இயங்க வேண்டியதே இல்லை. ஆக 4.7 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. மீட்டரின் ஒரு கம்பி முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் மற்றதை ரேடியோவின் பிளஸ்ஸிலும் வைத்தபோது 0.9 வோல்ட் காட்டியது. அசல் ராணுவக் கேபிளை எடுத்துவிட்டு ஸ்பீக்கருக்குப் போடும் மெல்லிய வயரை யாரோ போட்டிருந்ததன் விளைவு அது. அதே சோதனையை மைனஸ் பக்கத்தில் செய்தபோது 3.8 வோல்ட் காட்டியது. மைனஸை வண்டியின் இரும்பு உடலோடு இணைக்கும் எர்த் வயரின் லக்கைக் கழற்றினேன். அடியில் பளபளவென்று பச்சைப் பெயின்ட் இருந்தது! வண்டி அழகாகத் தெரிய வேண்டும் என்று, விற்பதற்கு முன் எல்லாவற்றின் மேலும் பெயின்ட் அடித்து, காய்ந்த பெயின்ட்டின் மேல் லக்கை வைத்து முடுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் மரை வழியாகக் கசிந்த மின்சாரத்தில்தான் இத்தனை நாளும் என் ரேடியோ உயிர்பிழைத்திருக்கிறது.

பெயின்ட்டைச் சுரண்டி, எமரித் தாளால் தேய்த்து, இரும்பு வெளுத்த பிறகு லக்கை முடுக்கினேன். கேபிளையும் தடித்ததாக மாற்றினேன். பேட்டரி ஏன் அடிக்கடி சாகிறது என்ற கேள்விக்கு அப்போதும் விடை கிடைக்கவில்லை. அதைத் தேடிப் போனபோதுதான் முதலில் சொன்ன சிவப்பு வயர் கண்ணில் பட்டது.

அந்த வயர் டாஷ்போர்டுக்குப் பின்னால் போய் ஒரு கார் ஸ்டீரியோவில் முடிந்தது. ஸ்டீரியோவுக்கு 12 வோல்ட் வேண்டும், வண்டியில் இருப்பது 24. அதனால் இரண்டு பேட்டரிகளுக்கு நடுவிலிருந்து, அதாவது எர்த் பக்கத்துப் பேட்டரியிலிருந்து மட்டும், 12 வோல்ட்டை உருவிக்கொண்டார்கள். செய்தவருக்கு அது பெரிய சாமர்த்தியமாகத் தோன்றியிருக்கும். ஸ்டீரியோவை அணைத்த பின்னும் அந்த வயரில் 0.15 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. நாளுக்கு 3.6 ஆம்பியர் மணி, மாதத்துக்கு 108 ஆம்பியர் மணி. இந்த லாரியில் உட்காரும் பேட்டரியின் முழுக் கொள்ளளவே 120 ஆம்பியர் மணிதான். வண்டியை ஒரு மாதம் நிறுத்தி வைத்தால் கீழ்ப் பேட்டரி (எர்த் பக்கத்தது) ஏறக்குறைய காலியாகிவிடும், மேல் பேட்டரி (பிளஸ் பக்கத்தது) நிறைந்தே இருக்கும்.

என்ஜினைப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள்தான் இந்தக் கொடுமையைத் தொடர்கிறார்கள். சரியாகாது. பேட்டரிகளைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் ஒன்றுதான், அதன் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இரண்டு பேட்டரிகளின் கூட்டுத்தொகையை மட்டுமே பார்க்கிறது. தொடர் இணைப்பில் இரண்டுக்கும் ஒரே மின்னோட்டம்தான் போகும் என்பதால், ஏற்கெனவே நிறைந்த மேல் பேட்டரியின் வோல்ட் முதலில் ஏறிவிடும். என் வண்டியில் அளந்தபோது மேலே 15.4, கீழே 12.6 இருந்தன. கூட்டினால் சரியாக 28 வருகிறது. ரெகுலேட்டருக்குத் திருப்தி, டாஷ்போர்டு மீட்டரின் முள்ளும் பச்சையில் நிற்கிறது. உண்மையில் மேல் பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றுகிறது, கீழ்ப் பேட்டரி பட்டினி கிடந்து சல்பேட் படிந்து சாகிறது. ஒரு பேட்டரியை மட்டும் புதிதாக மாற்றினால் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் மோசமாகும். நான் மூன்று முறை செய்தது அதைத்தான்.

24 வோல்ட்டை 12 ஆக மாற்றித் தரும் டிசி கன்வெர்ட்டர் எங்கும் கிடைக்கிறது. அதன் உள்ளீட்டை இரண்டு பேட்டரிகளின் இரு கோடியிலும் கொடுத்து, பேட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸைப் போட்டால் பாரம் இரண்டின் மேலும் சமமாக விழும். ஒரு ஜோடிப் பேட்டரியின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை.

இத்தனைக்கும் மேலாக என்னை வதைத்தது வேறொன்று. இந்த லாரிகளில் எல்லா வயர்களும் கறுப்பு நிறம்தான். நிறத்தை வைத்து எதையும் அடையாளம் காண முடியாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு வயரின் முனையிலும் எண் பொறித்த சிறு உலோகப் பட்டையை மாட்டியிருப்பார்கள். கையேட்டின் வரைபடத்தில் அதே எண் இருக்கும். இருட்டில் கைவிளக்கோடு வேலை செய்யும் ஒரு சிப்பாய்க்காக யோசித்துச் செய்த ஏற்பாடு அது. என் வண்டியில், தண்ணீர் புகாத ரப்பர் இணைப்பிகளை வெட்டி எறிந்தபோது, அந்த எண் பட்டைகளையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய முனைகளை வீட்டு வயரிங்கில் போடுவதுபோல் முறுக்கி, டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். நாற்பது, ஐம்பது ஆண்டுகள் சேறு, மழை, பனி எல்லாவற்றையும் தாங்கிய வயரிங்கை ஒரு ஸ்டீரியோவுக்காக ஒரே மதியத்தில் குலைத்துவிட்டுப் போக எப்படி மனம் வந்தது?

வண்டி உங்களுடையதாக இருந்தபோது நீங்கள் விரும்பியதைப் பொருத்தியிருக்கலாம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எதை வெட்டினீர்கள், எங்கே இணைத்தீர்கள் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையுறைப் பெட்டியில் வைத்திருந்தால் என் இரண்டு ஆண்டுகள் மிஞ்சியிருக்கும்.

சிவப்பு வயரை வேரோடு பிடுங்கிவிட்டேன். நேற்று பொத்தானை அழுத்தியபோது ரேடியோவில் 24 வோல்ட்டுக்குக் குறையாமல் நின்றது. நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒருவர் என் குரலுக்குப் பதில் சொன்னார். டாஷ்போர்டுக்குப் பின்னால் இன்னும் ஆறு கறுப்பு வயர்கள் எண் இல்லாமல் தொங்குகின்றன. அவற்றில் இரண்டில் மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் 24 வோல்ட் இருக்கிறது. அவை எங்கே போகின்றன என்று தெரியும்வரை இரவில் பேட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தூங்கப் போகிறேன்.