நந்தனாரைத் தடுத்த பண்ணையார்

தில்லை எனப்படும் சிதம்பரத்துக்குப் போக, நாயன்மார்களில் ஒருவரான நந்தனாருக்கு அனுமதி மறுத்த வேதியப் பண்ணையாரும், ஒரே இரவில் நாற்பது வேலி நிலம் விளைந்த அற்புதமும் பெரியபுராணத்தில் இல்லை என்று சொன்னால், சைவப் பற்று மிகுந்தவர்களே நம்ப மறுக்கிறார்கள். இவை இரண்டும் 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் சேர்த்தவை.

சுந்தரர், திருநாளைப்போவார் என்று அழைக்கப்படும் நந்தனாரை ஒரே தொடரில் வணங்கிவிட்டு அடுத்த அடியாருக்குப் போய்விடுகிறார். நம்பியாண்டார் நம்பி ஒரு பாடல் தருகிறார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் 37 பாடல்களில் விரிக்கும்போதுதான் ஆதனூரில் தீண்டாதாராக ஒதுக்கப்பட்டோர் வாழ்ந்த புலைப்பாடியும், அங்கே நாய்க்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடும் சிறுவர்களும், கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுக்கும் நந்தனாரின் தொண்டும் நம் கண்முன் வருகின்றன. ஆனால் அங்கே அவரைத் தடுக்கும் ஆள் என்று எவரும் இல்லை. தம் பிறப்பை எண்ணித் தயங்கி, நாளைப் போவேன் என்று அவரே நாள்களைத் தள்ளுகிறார்.

அந்தத் தயக்கத்தை வெளியே எடுத்து, அதற்கு ஒரு முகமும் அதிகாரமும் கொடுத்தார் பாரதியார். காவிரிப் படுகையின் பண்ணையடிமை முறையை நேரில் கண்டிருந்த மக்களுக்கு அந்தப் பண்ணையாரை நம்பச் சான்று எதுவும் தேவைப்படவில்லை. வரலாறாகப் பார்த்தால் அவர் கற்பனைதான். எனினும் நந்தனார் ஏன் போகவில்லை என்பதற்குச் சேக்கிழார் சொன்ன காரணத்தைவிடப் பாரதியார் சொன்னதே வாழ்க்கைக்கு நெருக்கமானது என்பது என் எண்ணம். கதாகாலட்சேபம் கேட்டிராதவர்களிடமும் 1942இல் தண்டபாணி தேசிகர் நடித்த திரைப்படம் அதைக் கொண்டு சேர்த்தது.

திருப்புன்கூர்ச் சிவன் கோயிலில், வெளியே நின்ற நந்தனார் இறைவனைக் காண வழிவிட்டதாகச் சொல்லப்படும் நந்தி விலகியிருப்பதையே நேரடிச் சாட்சியாகக் காட்டுவோர் உண்டு. கதையை அறியாத ஒருவருக்கு அது சற்றுத் தள்ளி வைக்கப்பட்ட நந்தி மட்டுமே. (நானும் அங்கே நின்றபோது கன்னத்தில் போட்டுக்கொண்டவன்தான்.)

என்னை உறுத்துவது, தில்லைக் கோயிலுக்குள் நுழையுமுன் நந்தனார் மூழ்கி எழுந்ததாகச் சேக்கிழார் பாடும் தீ. பண்ணையாரைப் புதிதாகப் படைத்து, அவரை நந்தனார் காலில் விழவும் வைத்த பாரதியார், தீக்குளிப்பில் மட்டும் கை வைக்கவில்லை. கேட்டவர்களும் அதை மாற்றச் சொன்னதாகத் தெரியவில்லை; அந்த இடத்தில் உருகி அழுதார்கள். அடியாரின் உடம்பு அப்படியே தில்லைக்குள் நுழைவதை அற்புதமாகப் பாட, அன்றைய பக்தியில் இடம் இருக்கவில்லை.