அடுப்படியை ஏன் வரையக் கூடாது?

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியில் என் படங்களின் முன் நின்று சிறப்பு விருந்தினர் பேசியதை உங்களில் பலர் காணொளியில் பார்த்துவிட்டீர்கள். முழுவதையும் இங்கே எழுத மனமில்லை. "அடுப்படியை விட்டு வெளியே வந்து வரையுங்கள், அம்மா" என்ற ஒரு வரிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

வர மாட்டேன். நான் வரைவது என் வீட்டைத்தான். மாமியார் முறத்தில் அரிசி புடைப்பது, மகள் ஈரத்தலையோடு தூங்கிப்போனது, மேடையில் கவிழ்த்த பாத்திரங்கள். மலையும் கடலும் கிடைக்காததால் இவற்றை வரைகிறேன் என்று நினைக்காதீர்கள். வரைய ஆசைப்படுவதே இவற்றைத்தான்.

எவர்சில்வர் குடத்தை ஆயில் பெயிண்டில் வரைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அதற்கென்று ஒரு நிறம் கிடையாது. ஜன்னலின் வெளிச்சம், மாமியாரின் புடவைச் சிவப்பு, தரையின் காவி எல்லாம் வளைந்து நெளிந்து அதன்மேல் கிடக்கும். அல்ட்ராமரைன் நீலத்தில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு கலந்து வரும் கருமையை விளிம்பில் இழுத்து, ஒட்டினாற்போல் டைட்டானியம் வெள்ளையில் ஒரே ஒரு தீற்றல் வைத்தால்தான் அது குடமாகும். அதுவரை வெறும் சாம்பல் நிறப் பூச்சு. இது பொழுதுபோகாமல் செய்கிற வேலையா?

டச்சு ஓவியர் வெர்மீர் 1658 வாக்கில் வரைந்தது, சமையலறையில் ஒரு வேலைக்காரப் பெண் பால் ஊற்றுவதை. ஒன்றரை அடி உயரம்கூட இல்லாத படம். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் அதன் முன்னால் கூட்டம் நிற்கிறது. அவ்வளவு தூரம் ஏன்? 2021இல் கும்பகோணத்துக்காரர் ஓவியர் இளையராஜா மறைந்தபோது நாமெல்லாம் பகிர்ந்தவை எந்தப் படங்கள்? வாசற்படியிலும் ஜன்னலோரத்திலும் இருக்கும் நம் வீட்டுப் பெண்கள்தானே?

"வெர்மீரும் நீங்களும் ஒன்றா?" என்று கேட்பீர்கள். இல்லை. கை போதவில்லை என்று அந்த விருந்தினர் சொல்லியிருந்தால் தலைகுனிந்து கேட்டிருப்பேன். அவர் குறை சொன்னது கையை அல்ல, வீட்டை.

"நல்லெண்ணத்தில் சொன்னார்" என்கிறார்கள். இருக்கட்டும்.

"வெளியே போனால் பார்வை விரியும்" என்கிறார்கள். யாரால் போக முடிந்தது? பாரிஸின் அரசு ஓவியப் பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்க்கவே இல்லை. 1874இல், ஒளியின் கணநேரத் தோற்றத்தை வரைந்த இம்ப்ரஷனிஸ்டுகள் என்ற ஓவியர் குழுவின் முதல் கண்காட்சியில் பங்கெடுத்த ஒரே பெண் பெர்த் மோரிசோ. அங்கே அவர் வைத்த படங்களில் ஒன்று 'தொட்டில்'. தொட்டிலருகே இருப்பவர் அவருடைய அக்கா எட்மா. அவரும் ஓவியர்தான். கல்யாணத்தோடு தூரிகையைக் கீழே வைத்தவர். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

பாத்திரம் கழுவி முடித்த பிறகுதான் எனக்குத் தூரிகை. நான் ஆயில் பெயிண்டைப் பிடித்துக்கொண்டதே அதனால்தான். லின்சீட் (ஆளி விதை) எண்ணெய் கலந்த வண்ணம் பெரும்பாலும் மறுநாள் இரவும் ஈரமாக இருக்கும். குக்கர் விசிலுக்கு எழுந்து போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வெளியே போகச் சொல்கிறவர் அந்த நேரத்துக்கு வழி சொல்லட்டும்.

காணொளியில் தெரியாத ஒன்று உண்டு. விருந்தினர் பேசும்போது அத்தை, அதாவது என் மாமியார், பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தன் படம் சுவரில் தொங்குகிறது என்று பட்டுப்புடவை கட்டி வந்திருந்தார். திரும்பும் வழியில் ஆட்டோவில், "என்னைப் போட்டு வரைந்ததால்தான் உனக்கு இந்தப் பேச்சா, அம்மா?" என்று கேட்டார். அதன் பிறகு நான் வரைய உட்கார்ந்தால் முறத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுகிறார்.

பதிவை நீக்கிவிடு, விருந்தினர் வருந்துகிறார் என்று இரண்டு நண்பர்கள் தூது வந்தார்கள். என்னிடம் வருந்த வேண்டாம். வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொல்லட்டும். அதுவரை பதிவு இங்கேயே இருக்கும்.