ஆற்றில் இறங்குவதை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள்

சித்திரை பிறந்ததுமே, மதுரைச் சித்திரைத் திருவிழாவைக் கேட்டு வெளியூர் நண்பர்களிடமிருந்து அழைப்பு வர ஆரம்பித்துவிடும். "அழகர் ஆத்துல இறங்குறதைப் பார்க்கணும், எங்கே நின்னா நல்லாத் தெரியும்?" வைகைக் கரையில் ஆழ்வார்புரம் பக்கம் ராத்திரியே வந்து இடம் பிடித்து, விடிய விடிய நெரிசலில் நின்று, தங்கக் குதிரை தெரியும் அந்தச் சில நிமிஷங்களை போனில் எடுத்துக்கொண்டு, காலை டிபனுக்கு முன்பே மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. திருவிழாவின் பெரும்பகுதி அதற்கு முந்தின நாளும் அதற்குப் பிந்தின நாட்களும் சாலையில் நடக்கிறது. அங்கே வாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

அழகர்கோவிலிலிருந்து மதுரைக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பரிடம் விடைபெற்று, கொண்டை போட்டு, கையில் வளரி என்ற வளைந்த எறிதடியும் தடியும் ஏந்தி, கண்டாங்கி கட்டிய கள்ளர் கோலத்தில் அழகர் பெருமாள் புறப்படுகிறார். வழிநெடுக சாமி நின்று பூஜை ஏற்கும் மண்டகப்படிகள், போக வர நானூறுக்கும் மேல். சில கல் மண்டபங்கள். பல, வீட்டு வாசலில் போட்ட பந்தல்கள். ஒரு தெருவுக்கு, ஒரு சமூகத்துக்கு, ஒரு குடும்பத்துக்கு என்று உரிமை தலைமுறை தலைமுறையாக வருகிறது. பல்லக்கு அங்கே நிற்பது கொஞ்ச நேரம்தான். அதற்காக அந்த வீட்டார் வெள்ளையடித்து, தோரணம் கட்டி, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளையெல்லாம் வரவழைத்துக் காத்திருப்பார்கள். மற்ற நாட்களில் நாம் சாமியைத் தேடிப் போகிறோம். அன்றைக்கு சாமி நம் வாசலுக்கு வருகிறார். அந்த வாசலில் நிற்கும் பெரியம்மாக்களின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

மூன்றுமாவடியில் எதிர்சேவை. ஊரே எதிர்கொண்டு போய் அழைத்து வருவது. பித்தளைச் செம்பில் சர்க்கரை நிரப்பி, வாய்க்கு வாழையிலை கட்டி, மேலே சூடம் ஏற்றிப் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். கருப்பசாமி வேஷம் கட்டியவர்கள் திரி ஏந்தி ஆடுவார்கள். தோல் துருத்தியில் தண்ணீர் பீச்சுபவர்கள் விரதமிருந்து வந்தவர்கள். சித்திரை வெயிலில் நடந்து வந்த பெருமாளைக் குளிர்விக்கிற அந்தத் தண்ணீரில் கூட்டமும் சேர்ந்து நனையும். அந்த வெயிலில் அது எவ்வளவு சுகம் என்று நனைந்து பார்த்தால்தான் தெரியும்! அப்புறம் நீர்மோர், பானகம், தர்பூசணி, புளியோதரை என்று இரண்டு பக்கமும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். "சாப்பிட்டுப் போங்க தம்பி" என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லவே முடியாது.

வெயில் உச்சத்தில் இருக்கும் மாதத்தில் இந்த விழா ஏன் என்று சிலர் கேட்பதுண்டு. மீனாட்சி கல்யாணமும் தேரும் முன்பு மாசி மாதத்தில்தான் நடந்தன. தேர் இன்றைக்கும் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. அந்தக் காலத்தில் அழகர் ஆற்றில் இறங்கியது சோழவந்தான் பக்கத்துத் தேனூரில். இரண்டையும் சித்திரையில் மதுரைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் பதினேழாம் நூற்றாண்டில் ஆண்ட திருமலை நாயக்கர் என்பது மதுரையில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. சித்திரையில் அறுவடை முடிந்து, களத்து வேலை ஓய்ந்து, கிராமத்து ஜனம் கையில் கொஞ்சம் காசும் நேரமுமாக இருக்கும். வண்டி கட்டி வந்து ஆற்று மணலில் தங்கி, பொங்கி, மொட்டை போட்டு, உறவுக்காரர்களைப் பார்த்துப் பேசிப் போக இதைவிட நல்ல காலம் கிடையாது. பெருமாள் பச்சைப் பட்டு உடுத்தி இறங்கினால் அந்த வருஷம் விளைச்சல் செழிக்கும் என்ற நம்பிக்கையும் அந்த ஜனத்துடையதுதான். சைவம், வைணவம், மலையடிவாரத்துக் கிராமங்கள், நகரத்து வீதிகள் எல்லாம் ஒரே வாரத்தில் கலக்கின்றன. இதைச் செய்து வைத்தவருக்கு நான் நன்றி சொல்கிறேன்.

அந்தக் கூட்டம் முழுவதும் இப்போது ஒரே இடத்தில், ஒரே மணி நேரத்தில் குவிகிறது. கொரோனாவால் இரண்டு வருஷம் பக்தர்கள் இல்லாமல் நடந்த விழா 2022இல் மறுபடி நடந்தபோது ஆற்றில் நெரிசலில் சிக்கி இருவர் இறந்தார்கள். சாமி பார்க்க வந்தவர்கள் வீடு திரும்பவில்லை என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் அனுமதிச் சீட்டு வைத்திருப்பவர்களுக்குப் பெரிய இடத்தை ஒதுக்கிவிட்டு, மீதி லட்சக்கணக்கான பேரை மிச்ச இடத்தில் அடைப்பது சரியில்லை. அந்தச் சலுகையைக் குறைத்தே ஆகவேண்டும். தண்ணீர் பீச்சுவதிலும் அப்படித்தான். விசைப் பம்பு வைத்து, கண்டதைக் கலந்து, முகத்தில் அறைகிற மாதிரி அடிப்பவர்களை இனியும் விடக்கூடாது. விரதமிருந்து துருத்தி தூக்குபவருக்கு அது அவமரியாதை. சாமி சிலைக்கும் ஆபத்து.

சரி, ஆற்றுக்குப் பிறகு என்ன என்று கேட்டால், எனக்குப் பிடித்ததே அதற்குப் பிறகுதான். அன்று பகலில் ராமராயர் மண்டபத்தில் தீர்த்தவாரி. இரவு வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயில். மறுநாள் வண்டியூர் பக்கத்துத் தேனூர் மண்டபத்தில் கருட வாகனத்தில் வந்து, சாபத்தால் தவளையான மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்கிறார். விழா மதுரைக்கு வந்துவிட்டாலும் தேனூரின் பெயர் அந்த மண்டபத்தில் நிற்கிறது. அன்று இரவு ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம். மச்சம், கூர்மம், வாமனம் என்று ஒவ்வொரு அலங்காரமாக மாறிக்கொண்டே இருக்கும். குழந்தைகள் தாத்தா மடியில் தூங்கி விழுந்து, "எழுந்திருடா, கிருஷ்ணர் வந்துட்டாரு" என்று எழுப்பப்பட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்ப்பார்கள். நெரிசல் ஆற்றில் பார்த்ததில் சிறு பங்குகூட இருக்காது. நின்று, உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டே பார்க்கலாம். அதற்கு அடுத்த இரவு தல்லாகுளத்தில் பூப்பல்லக்கு.

எனவே இந்த முறை வருகிறவர்கள் குறைந்தது இரண்டு நாள் வையுங்கள். வயதானவர்களையும் சின்னக் குழந்தைகளையும் ஆற்றுக்குள் கூட்டிப் போகாதீர்கள். புதூர், தல்லாகுளம் சாலையோரத்தில் ஏதாவது மண்டகப்படிக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள், அழகர் அவர்கள் முன்னாலேயே வருவார். மாநகராட்சிக்கு ஒரு வேண்டுகோள்: ஆற்றங்கரைக்குச் செய்யும் ஏற்பாட்டில் பாதியையாவது அழகர்கோவில் சாலைக்கும் வண்டியூருக்கும் செய்யுங்கள். நிழல் பந்தல் வேண்டும், பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை வேண்டும், மறுநாள் காலையில் தட்டும் கோப்பையும் வைகைக்குள் போகாமல் அள்ள ஆள் வேண்டும்.