சிசிடி கமராவில்தான் நிறம் வருமா?

"சிசிடி கமராதான் உண்மையான நிறம் பிடிக்கும், சீமோஸ் நிறத்தைக் கெடுத்துவிடும்" என்று யாழ்ப்பாணத்தில் கலியாணப் படம் எடுக்கிற பெடியளுக்குள் ஒரு வட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது பிழை.

சிசிடி (CCD), சீமோஸ் (CMOS) என்பவை கமராவுக்குள் வெளிச்சத்தை மின்னேற்றமாக மாற்றும் இரண்டு வகைச் சென்சர்கள். இரண்டும் சிலிக்கன்தான். சிலிக்கனுக்கு வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும். நிறத்தைத் தருவது அதன்மேல் இருக்கும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளும், அப்புறம் கமராவுக்குள் நடக்கும் கணக்கும்.

வேறுபாடு வாசிக்கும் விதத்தில். சிசிடி, கிணற்றடியில் வாளியைக் கைமாற்றுவதுபோல, மின்னேற்றத்தை வரிசையாக நகர்த்தி ஓரத்தில் அளக்கும். சீமோஸில் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் (பிக்சலுக்கும்) சமிக்ஞையைப் பெரிதாக்கும் தனிப் பெருக்கி உண்டு. நல்லூர்த் திருவிழாவைப் பழைய சிசிடி கமராவில் வீடியோ எடுத்துப் பாருங்கள்: பளிச்சென்ற விளக்கின் மேலும் கீழும் ஒரு வெள்ளைக் கோடு விழும். அந்த நகர்த்தலின் தடம்தான் அது. நிறத்துக்காக மட்டும் பழைய கமராவுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.