அந்த 21 இலக்க எண்
2-இன் 67-ஆம் அடுக்கிலிருந்து 1 கழித்தால் வரும் 147573952589676412927 பகா எண் இல்லை என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது, ஆனால் சுவையே அதற்கப்புறம்தான். 1876-இல் பிரெஞ்சுக் கணிதவியலர் லூக்காஸ் ஒரு காரணியைக்கூடக் கண்டுபிடிக்காமலேயே அது பகு எண் என்று நிறுவிவிட்டார். காரணிகளை 1903-இல் அமெரிக்கக் கணிதவியலர் கோல் காட்டினார்: 193707721, 761838257287. நேற்று ராத்திரி சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், உயர்நிலை ஒன்றில் பகாக் காரணி படிக்கும் மகளோடு பெருக்கிப் பார்த்தேன். அவளுடைய கால்குலேட்டர் 1.475739526 என்று காட்டி, பக்கத்தில் பத்தின் 20-ஆம் அடுக்கைப் போட்டு நின்றுவிட்டது, சரி என்று கட்டம்போட்ட தாளில் கையாலேயே போட்டோம், கடைசி 7 வரை அப்படியே வந்தது. இன்னொன்றும் பாருங்கள், முதல் காரணியில் 1 கழித்து 134-ஆல், அதாவது 67-இன் இருமடங்கால் வகுத்தால் மீதியே இல்லை, ஈவு 1445580. இரண்டாவதற்கும் அப்படித்தான்.